எரிமலை மதுவும் தலவாக்கலைத் தேயிலையும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி ஏறும் புகையிரதம் அட்டனை நீங்கியதும் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் புகுந்து, கொட்டகலைப் பக்கத்து வெளிச்சத்தில் வெளிப்படுகின்றது. அதன் பின்னர் தலவாக்கலை வரையில் பயணியின் கண்ணிற்படுவது தேயிலை. தேயிலை நீங்கினால் அருவி. அருவி மறைந்தால் மீண்டும் தேயிலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தே அமைந்த இச்சிற்றூரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளைத் தேயிலை வணிகர் திம்புள்ளப் பகுதி என்று வழங்குவர். இங்கே விளையும் தேயிலைக்கென ஒரு தனிச் சுவை உண்டென்பது உலகச் சந்தை ஒப்புக்கொண்ட செய்தியாகும்.

அச்சுவையை அளப்பவர் கொழும்பிலுள்ள தரகு நிறுவனங்களின் சுவைஞர்கள். நீண்ட மேசையிலே வெண்ணிறக் கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். சுவைஞர் ஒரு கரண்டி தேநீரைப் பேரொலியுடன் உறிஞ்சி, வாயிற் சுழற்றி, உடனே உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். பார்ப்பவருக்கு அது நாகரிகமற்ற செயலாகவே தோன்றும். ஆனால் அந்த ஒரு வாய்த் தேநீரில் உடற்கட்டு, துவர்ப்பு, பிரகாசம், மணம் எனப் பலவற்றை அவர் பிரித்தறிந்து விடுகின்றார். இவற்றுட் பல, திராட்சை மதுவைச் சுவைத்து மதிப்பிடுவோர் ஐரோப்பாவிற் கையாளும் சொற்களே. இது தற்செயலன்று. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் தேயிலைக் கொழுந்திலுள்ள துவர்ப்புப் பொருளும் வேதியியல் முறையில் உறவுடையவை. நாவைச் சற்றே இறுக்கிப் பிடிக்கும் அந்த இயல்பையே இருசாராரும் பானத்தின் முதுகெலும்பாகக் கருதுகின்றனர்.

இத்தகைய முதுகெலும்புடைய செந்நிற மதுவுக்குப் பெயர்போன இடங்களுள் ஒன்று, இத்தாலிக்குத் தெற்கே சிசிலித் தீவிலுள்ள எட்னா மலை. அது இன்றும் புகையும் நெருப்பும் கக்கும் எரிமலை. உயரம் 10,000 அடிக்கு மேல். அதன் சரிவுகளிலே, கருநிற எரிமலைக் கற்களை அடுக்கிய சுவர்களால் தாங்கப்பட்ட படிக்கட்டு நிலங்களில், திராட்சைக் கொடி வளர்கின்றது. சில தோட்டங்கள் 3,000 அடிக்கும் மேலே உள்ளன. பகலில் வெயில் காய்கிறது. இரவில் குளிர் வாட்டுகின்றது. அங்கு விளையும் எட்னாச் செம்மது ஒரு கலவை. நெரெல்லோ மஸ்கலேசே என்னும் திராட்சை அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையக் கூடாது. நெரெல்லோ கப்புச்சோ என்னும் உறவினத் திராட்சை இருபது பங்கு வரை சேரலாம். முன்னது நிறத்தில் மெலிந்தது. ஆயினும் துவர்ப்பும் புளிப்பும் மிக்கது. பின்னது நிறத்தையும் மென்மையையும் தருவது. மஸ்கலேசே என்ற பெயர் மலையடிவாரத்து மஸ்காலி என்னும் ஊரிலிருந்து வந்தது. 1928-ஆம் ஆண்டு எட்னா கக்கிய தீக்குழம்பு அவ்வூரையே மூடிவிட்டது. ஊர் அழிந்து வேறிடத்திற் புதிதாகக் கட்டப்பட்டது; கொடியின் பெயர் மட்டும் மாறவில்லை.

தலவாக்கலையின் மண் எரிமலை மண்ணன்று. ஜாவாவில் எரிமலைச் சரிவுகளிலும், கெனியாவில் கெரிச்சோப் பகுதியின் எரிமலைச் செம்மண்ணிலும் தேயிலை விளைகின்றது. இலங்கையின் மத்திய மலைநாடோ, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தின் ஆழத்தே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகளால் ஆனது. அப்பாறை சிதைந்து, பருவமழையால் கழுவப்பட்டுக் கழுவப்பட்டு, அமிலம் மிகுந்த செம்மஞ்சள் மண்ணாயிற்று. பல பயிர்கள் வெறுக்கும் இந்த அமிலத்தைத் தேயிலை விரும்புகின்றது.

எட்னாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. எரிமலை அழிவையும் தருகிறது. சாம்பலாகப் புது மண்ணையும் தருகிறது. தலவாக்கலையின் மலை எதையும் புதிதாகத் தருவதில்லை. 1870-களில் கோப்பிக்காகக் காடு வெட்டி, நிலத்திலே ஒரு புல்லும் நில்லாதபடி களை எடுத்தபோது, பல நூறாயிரம் ஆண்டுகளிற் சேர்ந்த மேல்மண் சில மாரிகளிலேயே ஆற்றோடு போயிற்று. பிற்காலத்துத் தோட்டங்களில் கான் வெட்டும் தொழிலாளியின் மண்வெட்டிக்கு இவ்வளவு வேலை ஏற்பட்டதன் காரணம் இதுவே. சிசிலி உழவன் கட்டிய கற்சுவரும் மலைநாட்டுத் தொழிலாளி வெட்டிய கானும் ஒரே நோக்குடையவை.

சுவைக்கு மண் மட்டும் பொறுப்பல்ல. தென்மேல் பருவக்காற்று மே மாதம் முதல் இச்சரிவுகளில் மழையைக் கொட்டுகின்றது. அப்போது கொழுந்து மளமளவென்று வளரும்; எடை கூடும்; சுவை சாதாரணமாகும். தை பிறந்தபின் மழை ஓய்ந்து வறண்ட குளிர்காற்று வீசத் தொடங்கும். இரவில் பனி, பகலில் தெளிந்த வெயில். செடி வளரத் தயங்குகின்றது. தளிர் சிறிதாகிறது. அச்சிறு தளிரிலேதான் மணமும் துவர்ப்பும் செறிகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள இக்காலத்தையே வணிகர் திம்புள்ளத் தேயிலையின் நற்பருவம் என்பர். மலையின் மறுபுறத்து ஊவாவுக்கு நற்பருவம் ஆடி ஆவணியில் வருகின்றது. கொடியாயினும் செடியாயினும், வருந்தி வளர்ந்ததே சுவை தருகின்றது போலும்.

இவ்விரு மலைகளின் வரலாறும் ஒரே பத்தாண்டில் இரண்டு நோய்களால் திசைமாறியமை வியப்புக்குரியது. 1860-களில் பிரான்சின் தென்பகுதியிலே திராட்சைக் கொடிகள் காரணமின்றிக் காயத் தொடங்கின. அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்து வந்த பிலொக்சேரா என்னும் நுண்பூச்சி வேரை உறிஞ்சுவது பின்னரே தெரிந்தது. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களிற் பெரும்பகுதி அதனால் அழிந்தது. இறுதியில் அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் மது உற்பத்தி மீண்டது. எட்னாவும் தப்பவில்லை, ஆயினும் அங்கே மணற்பாங்கான எரிமலை மண்ணில் அப்பூச்சி தடையின்றிப் பரவ இயலாமையால், ஒட்டுக் கட்டாத பழங்கொடிகள் சில இடங்களில் இன்றுவரை நிற்கின்றன.

அதே காலத்தில், 1869-இல், இலங்கைக் கோப்பிச் செடியின் இலைக்கீழ்ப் புறத்தில் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. அதனை ஒரு பூஞ்சணம் என்று அறிஞர் இனங்கண்டனர். துரைமார் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. கோப்பியின் விலை உயர்ந்துகொண்டிருந்தமையால் நோயைக் கண்டும் புதிய காடுகளை வெட்டினர். திம்புள்ளச் சரிவுகளிற் பல அவ்வாறு திறக்கப்பட்டவையே. 1880-இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் வந்து ஈராண்டுகள் ஆய்ந்து, பூஞ்சணத்தின் வாழ்க்கை முறையைத் தெளிவாக விளக்கினார். விளக்கம் சரியானது, பயன்தான் இல்லை. ஒரே பயிரை மைல் கணக்கில் நெருக்கி நட்ட நிலத்தில் காற்றோடு வரும் வித்தைத் தடுப்பார் யார்? எட்னாவின் மணல் காத்தது போல் இங்கு எதுவும் கோப்பியைக் காக்கவில்லை. 1884-இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. சிலர் சிங்கோனாவை நட்டுப் பார்த்தனர். எல்லாரும் நட்டமையால் அதன் விலையும் விழுந்தது.

அந்நாளில் கண்டிக்கு அப்பால் லூல்கந்துர என்னும் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867 முதல் 19 ஏக்கரில் தேயிலை வளர்த்து வந்தார். தம் வீட்டுத் திண்ணையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டிப் பார்த்தவர் அவர். 1875-இல் தீவு முழுவதிலும் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கரே இருந்த தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. 1883-இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடைபெற்றது. 1885-இல் புகையிரதப் பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவைத் தொட்டது.

இம்மாற்றத்தைப் பயிர் மாற்றம் என்று மட்டும் எழுதிச் செல்வது வழக்கம். உண்மையில் அது மக்கள் வாழ்வின் மாற்றம். கோப்பி ஆண்டுக்கொரு முறை பழுப்பது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய இடங்களிலிருந்து ஆடவர் கங்காணியின் பின்னே வந்து, மன்னார்க் காட்டு வழியில் பலரைப் பலிகொடுத்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவர். தேயிலையோ ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. வாரத்துக்கொரு முறை ஒவ்வொரு மலையிலும் கொழுந்து எடுத்தாக வேண்டும். தவறினால் தளிர் முற்றிவிடும். ஆகவே ஆடவரோடு பெண்டிரும் குழந்தைகளும் வந்தனர், லயங்களில் தங்கினர், திரும்பவில்லை. ஒரு பூஞ்சணம் கோப்பியைத் தின்றிராவிட்டால் மலைநாட்டுத் தமிழ்ச் சமுதாயம் இன்றுள்ள உருவத்தில் தோன்றியிருக்குமா என்பது சிந்திக்கத்தக்க வினா.

இனிக் கலவையைக் காண்போர், அது ஆலையில் அன்றி மலையிலேயே தொடங்குவதை உணர்வர். தொடக்கத்திலே தேயிலை விதையிலிருந்து வளர்க்கப்பட்டது. அசாம் இனமும் சீன இனமும் தம்முட் கலந்த விதைகள் அவை. எனவே ஒரு மலையிலுள்ள பதினாயிரம் செடிகளுள் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஒன்று முந்தித் தளிர்க்கும். ஒன்றின் இலை அகலம். ஒன்றிலே மணம் கூடும். எல்லாம் ஒரே கூடையில் விழும். எட்னாவின் பழைய தோட்டங்களிலும் பல்வகைக் கொடிகள் விரவி நின்று ஒரே தொட்டியில் மிதிக்கப்பட்டன. பழமை வாய்ந்த தேயிலை மலையொன்றின் சுவை, அம்மலைச் செடிகள் அனைத்தும் சேர்ந்து பேசும் பேச்சு எனலாம்.

கூடையிலிருந்து கொழுந்து ஸ்டோருக்குச் செல்கின்றது. அங்கே வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, பின்னர் பரப்பி வைக்கப்படுகிறது. இப்பரப்பி வைத்தலைத் தொழிற்சாலையில் புளிக்க வைத்தல் என்பர். அது பொருத்தமற்ற பெயர். மதுவிலே நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு புளிக்கச் செய்கின்றது. தேயிலையிலே அவ்வாறு எதுவும் இல்லை. நசுங்கிய இலையின் சாறு காற்றிலுள்ள உயிர்வாயுவோடு கூடிச் செம்பு நிறம் கொள்கிறது, அவ்வளவே. எத்தனை நிமிடம் விடுவது, எப்போது சூளைக்கு அனுப்புவது என்பதில்தான் துவர்ப்பும் பிரகாசமும் நிலைபெறுகின்றன. தேயிலை வேலைக்காரர் மூக்கால் மணந்து பார்த்து அதனைத் தீர்மானித்த காலம் நெடியது.

அதன் பின்னரே கலவைக்காரரின் பெரிய கலவை. தோட்டத்தின் பெயர் பொறித்த மரப்பெட்டிகள் கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. அங்கே இருபது முப்பது தோட்டங்களின் தேயிலையை அவர் சேர்த்தார். திம்புள்ளயிலிருந்து பிரகாசம், ஊவாவிலிருந்து மணம், தாழ்நிலத் தேயிலையிலிருந்து நிறம், அசாமிலிருந்து கட்டு. வறட்சி வந்தாலும் விலை ஏறினாலும் வாங்குவோர் சுவை வேறுபாட்டை அறியலாகாது. ஆண்டுதோறும் ஒரே சுவையாக இருத்தல் வேண்டும். அதில் ஈடிணையற்ற திறமை இருந்தது என்பதை மறுக்கலாகாது. 1890-இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் போன்றோர் அத்திறமையை ஏழை வீட்டு அடுப்பங்கரை வரை கொண்டு சென்றனர். ஆனால் தகரத்தின்மேல் இருந்தது வணிகரின் பெயர். தலவாக்கலை என்ற சொல் பெட்டியோடு உடைந்து போயிற்று.

எட்னா மதுவுக்கும் அதே விதி நேர்ந்தது. ரிப்பொஸ்தோ என்னும் துறைமுகத்தில் அது பீப்பாய்களில் ஏற்றப்பட்டு வடக்கே சென்றது. அங்கே மெலிந்த மதுவுக்குக் கட்டு ஏற்றும் பொருளாகப் பிறர் பெயரில் விற்கப்பட்டது. பல தலைமுறைகள் எட்னா உழவன் பெயரற்ற மதுவின் பெயரற்ற உற்பத்தியாளனாக வாழ்ந்தான்.

தேயிலையை ஆராய்வதற்கென 1925-இல் சட்டம் செய்யப்பட்டு, ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளில் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்திற் குடியேறிற்று. கோப்பியின் முடிவை எண்ணி அஞ்சியோர் அமைத்த காவல் மாடம் அது. அவ்வச்சம் வீண்போகவில்லை. இலைசுருட்டிப் புழு மலைகளை மொட்டையடித்தபோது, 1930-களின் நடுப்பகுதியில், அப்புழுவின் உடலில் முட்டையிடும் சிறு குளவியொன்று ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. எரிமலைத் தீவின் அக்குளவி மருந்தின்றிப் புழுவை அடக்கிற்று. பூச்சியியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் வெற்றி அது. 1946-இல் கொப்புள நோய் வந்தபோது செப்புக் கலவை தெளித்துத் தேயிலை காக்கப்பட்டது. கோப்பிக்குக் கிட்டாத வாய்ப்பு தேயிலைக்குக் கிட்டியது.

அந்நிலையமே சிறந்த செடிகளைத் தெரிந்து, விதையின்றித் துண்டம் நட்டு ஒரே தன்மையுடைய செடிகளைப் பெருக்கும் வழியையும் பரப்பிற்று. தோட்டத்தார் வீ.பி. தேயிலை என்பது இதனையே. விளைவு பன்மடங்கு உயர்ந்தது. இதனால் நன்மையே என்று முடித்துவிட இயலாது. ஒரு மலை முழுவதும் ஒரே செடியின் பிள்ளைகளானால், பழைய விதைத் தேயிலையின் பலகுரல் அடங்கிவிடும். ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். கோப்பி கற்பித்த பாடமும் அதுவன்றோ?

சுவை மிகும் நற்பருவம் கொழுந்தெடுப்பவளுக்கு எத்தகைய பருவம் என்பதைச் சுவைஞரின் குறிப்பேடு கூறாது. தோட்டத்திலே நாட்கூலிக்குப் பேர் என்று பெயர். குறித்த எடை கொழுந்து நிறுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். மழைக்காலத்தில் எடை தானே சேரும். தை மாசிப் பனியிலோ, விறைத்த விரலால் மலை முழுதும் அலைந்தாலும் கூடை நிரம்பாது. ஏலத்தில் விலை உச்சிக்கு ஏறும் அதே வாரத்தில் அவளுக்கு அரைப் பேர் விழுவதுண்டு. நிறுவைத் தராசில் மணத்துக்கு எடையில்லை. மாலையில் அவள் வீட்டு அடுப்பில் கொதிக்கும் சாயத்தண்ணீர், சலித்து எஞ்சிய தூள்.

பெயர் பற்றிய கதை அத்துடன் நிற்கவில்லை. 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி, மடக்கும்புறத் தோட்டத்திற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையை இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பிற் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டு, 1948-இல், குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அவருக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலார் அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இல்லை. 1964-இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சியோர் பின்னர் 1974-இல் பங்கிடப்பட்டனர். தேயிலையைத் தரம் பிரித்தோர் சல்லடையை இதனினும் கவனமாகக் கையாண்டனர் என்று சொல்லத் தோன்றும். நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

எட்னா தன் பெயரை 1968-இல் பெற்றது. குறித்த எல்லைக்குள், குறித்த திராட்சையில், குறித்த விகிதத்தில் செய்த மதுவுக்கே எட்னா என்ற பெயர் உரியது என்று இத்தாலியச் சட்டம் வகுத்தது. 2011 முதல், மலைச்சரிவின் சிறு பகுதி ஒவ்வொன்றின் பெயரையும் போத்தலில் அச்சிட இடமளிக்கப்பட்டது. பழைய தீக்குழம்பின் மேல் விளைந்தது எது, அண்மைய சாம்பலில் விளைந்தது எது என்று குடிப்பவர் அறியலாம். கலவை அங்கே ஒழியவில்லை. கலந்த பின்னும் மண்ணின் பெயர் நிலைக்கின்றது.

இலங்கையிலும் அத்திசையில் சில அடிகள் வைக்கப்பட்டுள்ளன. 1972-இல் நாட்டின் பெயர் மாறியபோதும் தேயிலைக்குச் சிலோன் என்ற பழம்பெயரே விடப்பட்டது. கலப்பற்ற இலங்கைத் தேயிலையை இலங்கையிலேயே பொதி செய்தால் சிங்க முத்திரை பெறலாம். திம்புள்ள உட்பட ஏழு பகுதிகளின் பெயர்கள் சந்தையில் வழங்குகின்றன. இலண்டன் ஏலம் 1998-இல் மூடப்பட்டது. கொழும்பு ஏலம் தொடர்கின்றது. ஆயினும் திம்புள்ளத் தேயிலையிற் பெரும்பகுதி இன்றும் மொத்தமாகச் சென்று, கடல் கடந்த கலவைகளில் கரைகின்றது.

மரப்பெட்டிகள் மறைந்து கடதாசிப் பைகள் வந்துவிட்டன. பையின்மேல் தோட்டத்தின் குறி இன்றும் அச்சிடப்படுகின்றது. அது பெரும்பாலும், முதன்முதற் காடு வெட்டுவித்த துரை தம் ஊரை நினைந்து இட்ட ஆங்கிலப் பெயராக இருக்கும். அதே தோட்டத்துக்குக் காடு வெட்டியவர்கள் இட்ட தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. தபாற்காரனும் பேருந்து நடத்துநரும் கோயில் திருவிழா அறிவித்தலும் அந்தப் பெயரையே சொல்கின்றன. தேயிலைப் பை எதிலும் அது இடம்பெற்றதில்லை.